ஆற்று நீரில் பழங்குடி மக்களின் பங்கு எங்கே? ஆஸ்திரேலியாவின் மர்ரே–டார்லிங் படுகை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்திரேலியாவின் மிகப் பெரிய ஆற்றுப் படுகைகளில் ஒன்றான மர்ரே–டார்லிங்கில் தண்ணீர் ஒரு தனிச் சொத்து. நிலத்துக்குப் பட்டா இருப்பது போல அதற்கும் பதிவு உண்டு. வாங்கலாம், விற்கலாம், ஒரு பருவத்துக்கு மட்டும் வாடகைக்கு விடலாம். அந்தப் பதிவேட்டில், அந்த ஆறுகளின் கரையில் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்துவரும் மக்களின் பெயரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது எப்படி நேர்ந்தது, சரிசெய்ய என்ன நடக்கிறது என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மர்ரே–டார்லிங் படுகை என்பது எது?

நாட்டின் தென்கிழக்கில் 10 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான நிலப்பரப்பு. ஆஸ்திரேலியாவின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா ஆகிய 4 மாநிலங்களிலும் கான்பெரா பகுதியிலும் பரவியிருக்கிறது. வடக்கே டார்லிங்கும் அதன் துணையாறுகளும். தெற்கே மர்ரேயும் மரம்பிட்ஜியும். வென்ட்வொர்த் என்ற ஊரில் டார்லிங் வந்து மர்ரேயில் சேர்கிறது. அங்கிருந்து மர்ரே தெற்கு ஆஸ்திரேலியா வழியாகப் போய் கூராங் பகுதியை ஒட்டிக் கடலில் கலக்கிறது. வடக்கில் பருத்தி அதிகம். தெற்கில் நெல், திராட்சை, பாதாம், மாட்டுப் பண்ணைகள்.

தனித்தனி மொழியும் எல்லையும் சட்டமும் கொண்ட 40-க்கும் மேற்பட்ட முதற்குடி இனங்களின் தாய்நிலம் இது. டார்லிங்கின் கீழ்ப்பகுதியில் பார்கின்ஜி மக்கள், மேலே புரூவாரினா பக்கம் ஙெம்பா மக்கள், மர்ரே நடுப்பகுதியில் யோர்ட்டா யோர்ட்டா, கழிமுகத்தில் ஙாரின்ஜெரி. பார்கின்ஜி மக்கள் டார்லிங்கை 'பார்கா' என்றே சொல்கிறார்கள்.

அங்கே தண்ணீரைப் பங்கு போடுவது எப்படி?

ஒவ்வொரு ஆற்றுப் பகுதிக்கும் மாநில அரசு ஒரு பங்கீட்டுத் திட்டம் போடுகிறது. ஆற்றிலிருந்து மொத்தம் எவ்வளவு எடுக்கலாம், எந்த நீர்மட்டத்துக்குக் கீழே பம்பை நிறுத்த வேண்டும், யாருக்கு முன்னுரிமை என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்த வரம்புக்குள் உரிமங்கள். உரிமம் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு ஆண்டும் அணையில் உள்ள இருப்பைப் பார்த்து, இந்த ஆண்டு உன் பங்கில் 30 சதவீதம், 80 சதவீதம் என்று அறிவிப்பார்கள். சில உரிமங்கள் உயர் பாதுகாப்பு வகை. வறட்சியிலும் அவற்றுக்குத் தண்ணீர் வந்துவிடும். மற்றவை பொதுப் பாதுகாப்பு வகை. மழை பொய்த்தால் ஒன்றுமே வராமல் போகலாம்.

இதற்கெல்லாம் மேலே மத்திய அரசின் வரம்பு. 2007-ல் தண்ணீர்ச் சட்டம் வந்தது, 2012-ல் படுகைத் திட்டம் வந்தது. ஆறுகளிலிருந்து ஆண்டுச் சராசரியாக 10,873 ஜிகாலிட்டருக்கு மேல் எடுக்கக் கூடாது என்று அந்தத் திட்டம் சொன்னது. அதற்காகப் பாசனத்திலிருந்து 2,750 ஜிகாலிட்டரை மீட்டு ஆற்றுக்கே திருப்ப வேண்டும் என்றது. ஒரு ஜிகாலிட்டர் என்றால் 100 கோடி லிட்டர். நமக்குப் பழகிய கணக்கில் 2,750 ஜிகாலிட்டர் ஏறக்குறைய 97 டி.எம்.சி. மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவைவிடச் சற்று அதிகம்.

தண்ணீருக்குச் சந்தையும் உண்டு. 2019 வறட்சியின்போது தெற்குப் படுகையில் ஒரு மெகாலிட்டர், அதாவது 10 லட்சம் லிட்டர், தற்காலிகமாக வாங்கவே 500 டாலருக்கு மேல் போனது. மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில் அதே தண்ணீர் மிக மலிவு. ஆகவே பணம் உள்ளவர் கையில்தான் வறட்சிக் காலத் தண்ணீர் போய்ச் சேரும்.

பழங்குடி மக்களிடம் இப்போது எவ்வளவு தண்ணீர் இருக்கிறது?

படுகையின் நியூ சவுத் வேல்ஸ் பகுதிக்கு ஆய்வாளர்கள் கணக்கெடுத்து 2020-ல் வெளியிட்டார்கள். அங்கே மக்கள்தொகையில் ஏறக்குறைய 10-ல் ஒருவர் பழங்குடியினர். பழங்குடி அமைப்புகளிடம் உள்ள ஆற்று நீர் உரிமமோ மொத்தத்தில் 0.2 சதவீதம். அதுவும் கூடிக்கொண்டு போகவில்லை. 2009-லிருந்து 2018-க்குள் குறைந்தது 17 சதவீதம் கைவிட்டுப் போயிருக்கிறது.

எப்படிக் கைவிட்டுப் போகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உரிமம் வைத்திருக்க ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. பம்ப், குழாய், மின்சாரம் என்று செலவு. சிறிய நிலக் குழு ஒன்று பண்ணையோடு சேர்த்துத் தண்ணீர் உரிமத்தையும் பெற்றிருக்கும்; பயிர் வைக்க முதலீடு இருக்காது; கட்டண பில் மட்டும் வந்துகொண்டே இருக்கும். கடைசியில் உரிமத்தை விற்றுத்தான் கடனை அடைக்க முடிகிறது.

இவ்வளவு குறைவாக இருக்கக் காரணம் என்ன?

தண்ணீர் உரிமை நிலத்தோடு சேர்ந்து வந்ததுதான் காரணம். குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டுக் கரையோர உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள்: ஆற்றங்கரை நிலம் யாருடையதோ, தண்ணீர் எடுக்கும் உரிமையும் அவருடையது. 1886-ல் விக்டோரியாவும் 1896-ல் நியூ சவுத் வேல்ஸும் சட்டம் போட்டு, ஆற்று நீரைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை அரசிடம் கொண்டுவந்தன. அதற்குப் பிறகும் உரிமம் போனது நிலம் வைத்திருந்தவர்களுக்குத்தான். நிலம் பறிக்கப்பட்டு மிஷன்களிலும் அரசு ஒதுக்கிடங்களிலும் அடைக்கப்பட்ட மக்களுக்கு உரிமம் கேட்கவே வழி இல்லை. இரண்டு உலகப் போர்களுக்குப் பிறகும் திரும்பி வந்த படைவீரர்களுக்குப் பாசன நிலங்கள் பிரித்துக் கொடுத்தார்கள். அதே போரில் அதே சீருடையில் நின்ற பழங்குடி வீரர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை.

அடுத்த அடி 1990-களில் விழுந்தது. 1994-ல் மத்திய, மாநில அரசுகள் ஒப்புக்கொண்ட சீர்திருத்தத்தில் தண்ணீரை நிலத்திலிருந்து பிரித்துத் தனிச் சொத்தாக்கும் வேலை தொடங்கியது. 2004-ல் வந்த தேசியத் தண்ணீர் ஒப்பந்தம் அதை இறுக்கமாக்கியது. அந்த நேரத்தில் யார் கையில் எவ்வளவு இருந்ததோ, அதுவே அவரவர் சொத்தாக நின்றுவிட்டது. பழங்குடி மக்களுக்குப் பூர்வீக நில உரிமை உண்டு என்று நாட்டின் உச்ச அமைப்பான உயர் நீதிமன்றம் ஒப்புக்கொண்டதோ 1992-ல், மாபோ தீர்ப்பில்தான். அவர்கள் நிலத்துக்காக நீதிமன்றத்தில் நின்ற அதே ஆண்டுகளில் தண்ணீர் நிலத்தைவிட்டுக் கழன்று போய்விட்டது. இதை வெறும் கால தாமதம் என்று சொல்லிக் கடக்க என்னால் முடியவில்லை. மாபோ தீர்ப்பு கையில் இருக்கும்போதே செய்த பங்கீடு அது.

வெள்ளையர் வருவதற்கு முன் பங்கீட்டு முறை என்று ஏதாவது இருந்ததா?

இருந்தது. கண்ணால் பார்க்கலாம். புரூவாரினாவில், டார்லிங்கின் மேல்பகுதியான பார்வன் ஆற்றுப் படுகையில் ஏறக்குறைய அரை கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் அடுக்கி மீன் பிடிக்கும் பட்டிகள் கட்டியிருக்கிறார்கள். உள்ளூரில் அவற்றை 'ஙுன்னு' என்கிறார்கள். ஆறு எந்த உயரத்தில் ஓடினாலும் ஏதோ ஒரு வரிசைப் பட்டி வேலை செய்யும்படி வளைவு வளைவாக அமைத்தது. பொறுப்பு ஙெம்பா மக்களுடையது. ஆனால் அக்கம்பக்கத்து இனங்களும் கூடி மீன் பிடித்தார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்தப் பட்டி என்று வரையறை உண்டு. மேலே இருப்பவர்களுக்கும் மீன் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வழி விட வேண்டும் என்ற விதியும் உண்டு. அந்த இடம் 2005-ல் தேசிய மரபுப் பட்டியலில் சேர்ந்தது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே அதன் மேல் ஒரு தடுப்பணை கட்டிப் பட்டிகளில் ஒரு பகுதியைச் சிதைத்துவிட்டார்கள்.

படுகைக்கு வெளியே, தென்மேற்கு விக்டோரியாவில் பட்ஜ் பிம் இருக்கிறது. குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைப் பாறையில் வாய்க்கால் வெட்டி, மதகு வைத்து, விலாங்கு மீன் வளர்த்த இடம். அமைப்பின் வயது குறைந்தது 6,600 ஆண்டுகள். 2019-ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. வேட்டையாடித் திரிந்தவர்களுக்கு நீர் மேலாண்மை தெரியாது என்ற பழைய பேச்சு எதை மறைத்தது என்று அங்கே போய்ப் பார்த்தால் புரியும்.

நேட்டிவ் டைட்டில் (பூர்வீக நில உரிமை) கிடைத்தால் தண்ணீரும் கிடைத்துவிடாதா?

கிடைக்கும், குடிக்கவும் மீன் பிடிக்கவும். அதற்கு மேல் இல்லை. 1993-ன் நேட்டிவ் டைட்டில் சட்டம் பூர்வீக உரிமையை ஒப்புக்கொள்கிறது. வீட்டுத் தேவைக்கும் சமூகத் தேவைக்கும் சடங்குக்கும் தண்ணீர் எடுக்கலாம், மீன் பிடிக்கலாம். வியாபார நோக்கம் கூடாது என்பதுதான் பொதுவான நிலை. அப்புறம் இன்னொரு ஓட்டை: சுரங்கம் தோண்ட வருபவர் பூர்வீக உரிமையாளரோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தண்ணீர் உரிமம் கொடுக்கும்போது அப்படி இல்லை. தகவல் சொல்லிக் கருத்துக் கேட்டால் போதும்.

பார்கின்ஜி மக்கள் 1997-ல் மனுப் போட்டார்கள். தீர்ப்பு 2015 ஜூனில் வந்தது. 18 ஆண்டுகள். நியூ சவுத் வேல்ஸில் அதுவரை வந்தவற்றில் மிகப் பெரிய நேட்டிவ் டைட்டில் தீர்ப்பு அது. பரப்பு ஏறக்குறைய 1,28,000 சதுர கிலோமீட்டர். காத்திருந்த பெரியவர்களில் பலர் தீர்ப்பைப் பார்க்க உயிரோடு இல்லை. ஆற்று நீரை எடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு என்று தீர்ப்பு சொன்னது. அந்த ஆற்றில் தண்ணீர் இருக்க வேண்டும் என்று அந்தத் தீர்ப்பால் சொல்ல முடியவில்லை. சில மாதங்களில் பார்கா வறண்டு நின்றது.

யோர்ட்டா யோர்ட்டா மக்களுக்கு அதுவும் இல்லை. வரலாற்றின் அலை அவர்களது மரபை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று 1998-ல் நீதிபதி எழுதினார். 2002-ல் உயர் நீதிமன்றமும் வழக்கைத் தள்ளியது. அந்த மக்கள் அப்போதும் பார்மா காட்டோரம் மர்ரே கரையில்தான் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

நியூ சவுத் வேல்ஸில் பழங்குடிப் பண்பாட்டு உரிமம் என்று தனியாக ஒன்று உண்டு. ஆண்டுக்கு அதிகபட்சம் 10 மெகாலிட்டர். பாசனப் பருத்திக்கு ஹெக்டேருக்கு ஒரு பருவத்தில் 7, 8 மெகாலிட்டர் வரை ஆகும். ஒரு சமூகத்துக்கே கிடைக்கும் உச்ச அளவு, 2 ஹெக்டேர் பருத்திக்குக்கூடப் போதாது.

மெனிண்டீயில் மீன்கள் செத்தது செய்தியில் வந்ததே, அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு. மெனிண்டீ ஏரிகள் பார்கின்ஜி நிலத்தில், டார்லிங்கின் கீழ்ப்பகுதியில் இருக்கின்றன. நிரம்பினால் 1,731 ஜிகாலிட்டர், ஏறக்குறைய 61 டி.எம்.சி. 2018 டிசம்பரிலும் 2019 ஜனவரியிலும் அங்கே அடுத்தடுத்து மூன்று முறை மீன்கள் செத்து மிதந்தன. தேங்கி நின்ற தண்ணீரில் பாசி பெருகி, திடீரென வெயில் தணிந்ததும் மேல்நீரும் கீழ்நீரும் கலந்து, பிராணவாயு இல்லாமல் போனது. பல பத்தாண்டுகள் வாழ்ந்த பெரிய மர்ரே காட் மீன்களைக் கையில் தூக்கிக்கொண்டு உள்ளூர்க்காரர்கள் அழுத காட்சி உலகம் முழுக்கப் போனது.

வறட்சிதான் காரணம் என்று அரசு சொன்னது. வறட்சி உண்மை. ஆனால் ஆஸ்திரேலிய அறிவியல் கழகம் அமைத்த நிபுணர் குழு 2019 பிப்ரவரியில் வேறு பதில் தந்தது: இப்படி ஒரு பேரழிவைத் தவிர்க்கும் அளவுக்கு டார்லிங்கில் தண்ணீர் இல்லை, மேலே பல ஆண்டுகளாக அளவுக்கு மீறி எடுத்ததே அதற்குப் பெரிய காரணம். 2012-ல் நியூ சவுத் வேல்ஸ் போட்ட பார்வன்–டார்லிங் பங்கீட்டுத் திட்டம், ஆறு தாழ்ந்து ஓடும் நாட்களிலும் பெரிய பம்புகளை வைத்து எடுக்க இடம் கொடுத்திருந்தது. மாநிலத்தின் இயற்கை வள ஆணையமே 2019-ல் அந்தத் திட்டத்தை ஆராய்ந்து, போர்க் ஊருக்குக் கீழே உள்ள ஆறு மேல்பகுதியைவிட ஏறக்குறைய 3 ஆண்டுகள் முன்னதாகவே வறட்சிக்குள் போய்விட்டது என்று எழுதியது.

மேலே எடுத்தவர்களுக்கு உரிமம் இருந்தது. பெரும்பாலும் சட்டப்படிதான் எடுத்தார்கள். அதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. திருட்டு என்றால் பிடிக்கலாம். திட்டமே அப்படி என்றால் கீழே இருக்கிற சமூகம் யாரிடம் போய் நிற்கும்?

வில்கானியா அதே ஆற்றங்கரையில் உள்ள சிற்றூர். மக்களில் பெரும்பாலோர் பழங்குடியினர். ஆறு நின்றபோது லாரியிலும் பெட்டியிலும் குடிநீர் வந்தது. பிள்ளைகளுக்கு நீந்த இடமில்லை, பெரியவர்களுக்குத் தூண்டில் போட இடமில்லை. ஆற்றங்கரையில்தான் அங்கே பேச்சு, பாடம், துக்கம் விசாரிப்பது எல்லாம். அந்தச் சமயத்தில் பெரிய சுரங்க நகரமான புரோக்கன் ஹில்லுக்கு மட்டும் மர்ரேயிலிருந்து 270 கிலோமீட்டர் குழாய் போட்டு 2019-ல் தண்ணீர் கொண்டுபோனார்கள். அதோடு மெனிண்டீயில் தண்ணீர் வைத்திருக்க வேண்டிய ஒரு கட்டாயக் காரணமும் போய்விட்டது என்பது பார்கின்ஜி மக்களின் குறை. எனக்கும் அதில் நியாயம் தெரிகிறது.

2023 மார்ச்சில் மீண்டும் நடந்தது. இம்முறை வெள்ளம் வடிந்த பிறகு. செத்தவை கோடிக்கணக்கில், பெரும்பாலும் போனி ஹெரிங் மீன்கள்.

ஆற்றுக்கென்று சுற்றுச்சூழல் நீர் விடுகிறார்களே, அது பழங்குடி மக்களுக்கும் பயன்படாதா?

கொஞ்சம் பயன்படும். மத்திய அரசின் சுற்றுச்சூழல் நீர்ப் பொறுப்பாளர் கையில் சராசரியாக ஆண்டுக்கு 2,000 ஜிகாலிட்டருக்கு மேல் இருக்கிறது. அதைச் சதுப்பு நிலத்துக்கும் ரிவர் ரெட் கம் என்ற யூகலிப்டஸ் மரக் காடுகளுக்கும் மீன்களுக்கும் விடுகிறார்கள். சில இடங்களில் உள்ளூர்ப் பழங்குடியினரைக் கேட்டே எங்கே, எப்போது என்று முடிவு செய்கிறார்கள். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் முடிவு கடைசியில் பொறுப்பாளருடையது. அளவுகோல் பறவைக் கணக்கும் மரங்களின் நலமும். ஒரு இனத்துக்கு வேறு தேவை இருக்கலாம். நார்டூ என்ற நீர்ப் பெரணியின் விதைக்காய்களை மாவாக்கி உண்பார்கள். அது வெள்ளம் படர்ந்து வடியும் நிலத்தில் வரும். 'ஓல்டு மேன் வீட்' என்று சொல்லும் மருந்துச் செடியும் அப்படித்தான், வெள்ளம் பின்வாங்கும் ஓரத்தில் முளைக்கும். கருப்பு அன்னம் முட்டையிடும் காலம், சிப்பி எடுக்கும் காலம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரம் உண்டு. எந்த வாரத்தில் மதகைத் திறப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

இதற்காகவே 2007-ல் எச்சூகா நகரில் மர்ரே, கீழ் டார்லிங் பகுதி இனங்களின் கூட்டமைப்பு 'பண்பாட்டு நீரோட்டம்' என்பதை வரையறுத்தது. அந்த எச்சூகா அறிக்கை கேட்பது இது: முதற்குடி இனங்களுக்கே சட்டப்படி சொந்தமான தண்ணீர், அவர்களது ஆன்மிக, பண்பாட்டு, சுற்றுச்சூழல், சமூக, பொருளாதார நிலையை உயர்த்தப் போதுமான அளவிலும் தரத்திலும். பொருளாதாரம் என்ற சொல் அதில் வேண்டுமென்றே இருக்கிறது. தண்ணீரைக் கும்பிடலாம், சம்பாதிக்க மட்டும் கூடாது என்று அடுத்தவர் சொல்ல முடியாது.

தேக்கி வைத்த தண்ணீரும் சேதம் செய்யும் என்பதற்கு விக்டோரியா ஏரி சாட்சி. பெயர் அப்படி இருந்தாலும் அது நியூ சவுத் வேல்ஸில், மர்ரேக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1920-களில் அதன் நீர்மட்டத்தை உயர்த்தி நீர்த்தேக்கமாக்கினார்கள். 1994-ல் மட்டம் இறங்கியபோது கரையில் பெருந்திரளான பழங்குடிக் கல்லறைகள் வெளியே தெரிந்தன. முன்னோர்களின் எலும்பு மேல் அலை அடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகுதான் கல்லறைகளைப் பாதுகாக்க மணல் மூடுவதும் நீர்மட்டத்துக்கு விதி வைப்பதும் வந்தன.

கலந்தாலோசனை நடக்கிறதே?

நடக்கிறது. படுகைத் திட்டப்படி, மாநிலங்கள் தங்கள் நீர்த் திட்டங்களைத் தயாரிக்கும்போது பழங்குடி மக்களின் மதிப்பீடுகளையும் பயன்பாடுகளையும் 'கருத்தில் கொள்ள' வேண்டும். ஒரு திட்டத்தில் எல்லாரையும் கூப்பிட்டு, எல்லாம் எழுதி, பின்னிணைப்பில் சேர்த்து, ஒரு லிட்டர்கூட மாற்றாமல் கையெழுத்திட்டாலும் கருத்தில் கொண்டதாகிவிடும்.

விவசாயிகளின் தண்ணீரைப் பிடுங்கிக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. விவசாயிகளின் பயத்தையும் நான் லேசாக எடுக்கவில்லை. 2010 அக்டோபரில் முதல் வரைவு வழிகாட்டி வந்தபோது கிரிஃபித் நகரில் அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். தண்ணீர் போனால் ஆலை மூடும், பள்ளியில் பிள்ளைகள் குறைவார்கள், டாக்டர் ஊரைவிட்டுப் போவார் என்பது கற்பனை இல்லை. சிறு பாசனக்காரர்கள் கடனில் ஓடுகிறவர்கள்.

ஆனால் அளவைப் பாருங்கள். பழங்குடி அமைப்புகளிடம் இருப்பது 0.2 சதவீதம். அது பல மடங்கு ஆனாலும் மொத்தத்தில் சிறு பங்குதான். தண்ணீரைக் கட்டாயமாகப் பறிக்கும் திட்டமும் எதுவும் இல்லை. விற்க விரும்புகிறவரிடம் சந்தை விலைக்கு வாங்குவதே பேச்சு. பாசனச் சந்தையில் தோட்ட நிறுவனங்களும் முதலீட்டு நிதியங்களும் தினமும் வாங்கி விற்கின்றன. நிலமே இல்லாத முதலீட்டாளர் தண்ணீர் வாங்கலாம் என்ற ஊரில், பழங்குடி மக்கள் வாங்கினால் மட்டும் விவசாயம் அழியும் என்பது எப்படி?

இன்னொன்று. டார்லிங்கின் கீழ்ப்பகுதியில் மேய்ச்சல் பண்ணை வைத்திருக்கும் வெள்ளைக் குடும்பங்களும் பார்கின்ஜி மக்களும் பல ஆண்டுகளாக ஒரே மேடையில் நிற்கிறார்கள். மேலே பம்ப் ஓடினால் இருவருக்கும் ஆறு இல்லை. பழங்குடியா விவசாயியா என்று கோடு போட்டால் இந்தச் சண்டை புரியாது. மேல்பகுதியா கீழ்ப்பகுதியா என்றும் பார்க்க வேண்டும்.

அரசு பணம் ஒதுக்கியதாகக் கேள்விப்பட்டேனே?

ஆம். 2018-ல் மத்திய அரசு பழங்குடி இனங்களுக்குத் தண்ணீர் வாங்க 4 கோடி டாலர் அறிவித்தது, வடக்குக்கும் தெற்குக்கும் பாதிப் பாதி. 5 ஆண்டுகள் கழித்தும் அந்தப் பணத்தில் ஒரு சொட்டு வாங்கவில்லை. யார் பெயரில் வைத்திருப்பது, எந்த அமைப்பு, யார் நிர்வாகம் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. அந்தக் காலத்தில் தண்ணீர் உரிமத்தின் விலை நிற்கவில்லை, ஏறியது. 2023-ல் தண்ணீர்ச் சட்டத்தைத் திருத்தியபோது தொகையை 10 கோடி டாலராக்கினார்கள். 2018-லேயே வாங்கியிருந்தால் அதே 4 கோடிக்குக் கூடுதல் தண்ணீர் கிடைத்திருக்கும்.

எங்காவது உண்மையிலேயே தண்ணீர் திருப்பிக் கொடுத்திருக்கிறார்களா?

விக்டோரியாவில். 2020 நவம்பரில் கிழக்கு கிப்ஸ்லாந்தின் மிட்செல் ஆற்றில் 2 ஜிகாலிட்டரைக் குனைகுர்னை மக்களின் அமைப்புக்குக் கொடுத்தார்கள். மாநிலத்தில் அப்படி நடந்தது அதுவே முதல் முறை. எப்படிப் பயன்படுத்துவது என்பது அவர்கள் விருப்பம்: ஆற்றிலேயே விடலாம், பயிர் வைக்கலாம், அக்கம்பக்கத்து விவசாயிக்குக் குத்தகைக்கு விடலாம். 2022-ல் தென்மேற்கே ஃபிட்ஸ்ராய் ஆற்றில் 2.5 ஜிகாலிட்டர் குண்டிட்ஜ்மாரா மக்களுக்குப் போனது. அதே ஆண்டு 'தண்ணீரே உயிர்' என்ற பெயரில் இதற்கான கொள்கையையும் மாநிலம் வெளியிட்டது.

மகிழ்ச்சிதான். ஆனால் இரண்டு ஆறுகளும் மர்ரே–டார்லிங் படுகைக்கு வெளியே உள்ளவை, இரண்டிலும் கொடுத்தது யாருக்கும் ஒதுக்காமல் மிச்சமிருந்த தண்ணீர். படுகைக்குள் அப்படி மிச்சம் கிடையாது. அங்கே யாரிடமிருந்தாவது வாங்கியாக வேண்டும்.

தண்ணீரைக் கொடுத்தால் விற்றுவிட மாட்டார்களா?

பாசன உரிமம் வைத்திருக்கும் யாரிடமும் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. எல்லா இனங்களும் ஒரே மாதிரி நினைப்பதும் இல்லை. சிலர் முழுவதும் ஆற்றிலேயே ஓட வேண்டும் என்பார்கள். சிலர் பண்ணை நடத்துவார்கள். சிலர் ஒரு பருவத்துக்கு வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் அடுத்த ஆண்டு சதுப்பு நிலத்துக்கு நீர் விடுவார்கள். நிரந்தரமாகக் கைவிட்டுப் போகாமல் இருக்க அறக்கட்டளையில் பூட்டி வைக்க வேண்டுமா என்பது அவர்களுக்குள் நடக்கும் விவாதம். அதை அவர்களே முடிக்கட்டும்.

ஆற்றுக்கு உயிர் உண்டு என்று சட்டம் போட்டார்களாமே?

மெல்போர்ன் நகரத்தின் யாரா ஆற்றுக்கு 2017-ல் விக்டோரியா ஒரு சட்டம் இயற்றியது. சட்டத்தின் தலைப்பிலேயே வொய்-வுருங் மொழி இருக்கிறது. ஆற்றை ஒரே உயிருள்ள முழுமை என்று ஏற்று, பழங்குடிப் பெரியவர்கள் இடம்பெறும் பிர்ரருங் மன்றத்தை ஆற்றின் குரலாக அமைத்தது. அழகான சட்டம். மன்றத்தின் கையில் தண்ணீர் உரிமம் இல்லை.

வடக்கு ஆஸ்திரேலியாவில் நிலைமை என்ன?

அங்கே இன்னும் நேரம் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் மார்ட்டுவாரா, அரசு வரைபடத்தில் ஃபிட்ஸ்ராய் ஆறு, 700 கிலோமீட்டருக்கு மேல் பெரும்பாலும் தடையின்றி ஓடுகிறது. விக்டோரியாவில் உள்ள ஃபிட்ஸ்ராய் வேறு, இது வேறு. ரம்ப மீன்களுக்கு உலகில் மிஞ்சியிருக்கும் முக்கியப் புகலிடங்களில் ஒன்று இது. பண்ணை முதலாளிகள் மழைக்கால வெள்ளத்தை எடுத்துத் தீவனம் வளர்க்கக் கேட்டுவந்தார்கள். 2016-ல் அந்த ஆற்றின் பழங்குடி இனங்கள் ஒன்றுகூடி ஃபிட்ஸ்ராய் ஆற்று அறிக்கையை வெளியிட்டன. 2018-ல் தங்களுக்கென்று ஆற்று மன்றம் அமைத்தன. கடலுக்குப் போகும் வெள்ளம் வீண் என்ற வாதத்தை அவர்கள் ஏற்பதில்லை. அந்த வெள்ளம்தான் கரையோரக் குட்டைகளை நிரப்பி, மீன்களை வறண்ட மாதங்கள் முழுக்க உயிரோடு வைக்கிறது.

வடக்கு ஆட்சிப்பகுதியில் 2019-ல் சட்டத்திலேயே பழங்குடி நீர் இருப்பு என்று ஒன்றைச் சேர்த்தார்கள். ஒரு பகுதிக்குத் திட்டம் போடும்போது எடுக்கக்கூடிய நீரில் ஒரு பங்கை அவர்களது எதிர்கால வளர்ச்சிக்கு எடுத்து வைப்பது. நல்ல யோசனை. குறை என்னவென்றால், அந்தத் தண்ணீரை எட்டும்படி தகுதியான நிலம் கையில் இருந்தால்தான் இருப்பு உண்டு. மறுபடியும் நிலம் இழந்தவர்கள் வெளியே.

குடியேறி வந்த எங்களுக்கு இதில் என்ன வேலை?

அடிலெய்டில் குழாயைத் திறந்தால் வருவதில் கணிசமான பங்கு மர்ரே தண்ணீர். மழை குறைந்த ஆண்டுகளில் பெரும்பங்கு. அங்கே குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் அதைத்தான் குடிக்கிறோம். கடையில் வாங்கும் அரிசி, பாதாம், திராட்சையிலும் அந்த ஆறு இருக்கிறது.

செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன். பங்கீட்டுத் திட்டங்கள் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படும். வரைவைப் பொதுமக்கள் கருத்துக்கு வைப்பார்கள். குடியுரிமை இல்லாதவரும் எழுதலாம். எழுதுவதற்கு முன் அந்தப் பகுதி இனங்களின் அமைப்பு என்ன சொல்லியிருக்கிறது என்று படியுங்கள். கூட்டமைப்புகள் தங்கள் மனுக்களை வெளியிடுகின்றன. பிறகு வரைவில் நேட்டிவ் டைட்டில் உரிமைக்கு எத்தனை மெகாலிட்டர் என்று எழுதியிருக்கிற பத்தியைத் தேடுங்கள். அங்கே எண் இல்லை என்றால், அல்லது பூஜ்யம் என்றால், காரணம் கேட்டு எழுதுங்கள். ஆறு தாழும்போது பம்பை எந்த மட்டத்தில் நிறுத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறது என்பதையும் பாருங்கள். வில்கானியா போன்ற ஊர்களுக்குத் தண்ணீர் வருவதும் வராததும் அந்த ஒரு வரியில்தான் முடிவாகிறது.